பூசணிக்கு முதல் வெட்டு

எங்கள் வீட்டுச் சமையலறையில் எனக்கு இருந்த ஒரே உத்தியோகம் பூசணிக்காயை இரண்டாக வெட்டுவது. விதை எடுப்பது, துண்டு போடுவது, தாளிப்பது எல்லாம் என் மனைவியின் இலாகா. முழுப் பூசணியில் பெண்கள் கத்தி வைக்கக் கூடாது, முதல் வெட்டை ஆண்பிள்ளைதான் போட வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். அது பலி கொடுக்கிற காய் என்பார்கள். ஆயுத பூஜைக்கு டெப்போவில் பஸ்ஸுக்கு முன்னால் நாங்கள் உடைக்கிறது வெள்ளைப் பூசணி, சோற்றுக்குச் செய்கிறது மஞ்சள் பூசணி, இரண்டும் வேறு வேறு காய்தானே என்று ஒரு முறை அவளிடம் சட்டம் பேசிப் பார்த்தேன். பூசணி என்றால் பூசணிதான், வெட்டிவிட்டுப் போங்கள் என்றாள். வெட்டிவிட்டுப் போனேன்.

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பாதி சர்வீஸ் ஆரணி - சேத்துப்பட்டு - செஞ்சி, மீதி சர்வீஸ் ஆரணி - சந்தவாசல் - போளூர். வாரத்தில் மூன்று நாள் நைட் ஆல்ட். கடைசி ஊரில் பஸ்ஸிலேயே துண்டை விரித்துப் படுத்து, விடியற்காலை முதல் டிரிப் எடுத்து, வீடு வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆகும். வருவேன், குளிப்பேன், சாப்பிடுவேன், தூங்குவேன். ஒரே மகள் எந்த வகுப்புப் படிக்கிறாள் என்பதே எனக்குச் சில வருடங்களில் சந்தேகம்தான். மார்கழி, தை மாதங்களில் மட்டும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கும். அடுப்பு மேடையில் வைக்கோல் பிரிமணை மேல் ஒரு பூசணி உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் கத்தி. "உங்களுக்காகத்தான் காத்துகினு கீது" என்பாள். நான் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, காம்பிலிருந்து அடிவரை ஒரே இழுப்பில் இரண்டாகப் பிளப்பேன். அதில் எனக்கு ஒரு மிதப்பு உண்டு. நான் இல்லாமல் இந்த வீட்டில் ஒரு பொரியல்கூட நடக்காது என்று நினைத்துக்கொள்வேன்.

அது பெரிய பூசணி இல்லை. சந்தவாசல் பக்கத்துத் தோட்டங்களில் பனிக்காலத்தில் வருகிற குட்டிச் சர்க்கரைப் பூசணி. ஒன்றரை சாண் நீளம், மஞ்சள் உடம்பில் பச்சைக் கோடு, கையில் எடுத்தால் பிறந்த குழந்தை கனம். கூடைக்கார அம்மாக்கள் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வரும்போது, அதை நடைபாதையில் வைக்காதே என்று நான் கத்துவேன். அவர்கள் இறங்கும்போது நல்லதாக ஒன்று பார்த்து விலைக்கு வாங்கிக்கொள்வேன். ஏறும்போது திட்டினவர்களிடமே இறங்கும்போது காய் வாங்குகிற ஆள் நான் ஒருவன்தான் என்று அவர்களுக்குள் ஒரு சிரிப்பு.

அவள் அதைப் பிறை பிறையாக நறுக்கி ஒரு பொரியல் செய்வாள். கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கொஞ்சம் வெங்காயம், இறக்கும்போது தேங்காய்த் துருவல். வெல்லம் போடுவாளா என்று எனக்குத் தெரியாது. காயே அவ்வளவு தித்திப்பு. மத்தியான டப்பாவைத் திறந்தால் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக நிற்கும். டிரைவர் பாதியை எடுத்துக்கொள்வார். எனக்குக் கோபம் வரும், ஆனால் அதைக் காட்டிக்கொள்ள மாட்டேன். நன்றாக இருந்தது என்று வீட்டுக்கு வந்து அவளிடம் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. டப்பா காலியாகத் திரும்பி வருகிறதே, அது போதாதா என்று இருந்துவிட்டேன்.

நான் ரிட்டயர் ஆன வருடம் மகளுக்குப் பெங்களூரில் குழந்தை பிறந்தது. மகளும் மாப்பிள்ளையும் ஆபீஸ் போகிறவர்கள். மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று என் மனைவி போனாள். மூன்று ஆறானது. ஆறு ஒரு வருடமானது. குழந்தை ஆயா ஆயா என்று அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு அலைகிறது, எப்படி விட்டுவிட்டு வருவது என்றாள். நியாயம்தான். நானும் போய் அங்கேயே இருக்க வேண்டியதுதானே என்று எல்லோரும் கேட்டார்கள். போனேன். பதினொன்றாவது மாடி. குடிக்கத் தண்ணீர் பிடிக்க வேண்டாம், அது தானாக வருகிறது. கடைக்குப் போக வேண்டாம், காய்கறி வீட்டு வாசலுக்கே வருகிறது, அதுவும் வெட்டிப் பாக்கெட்டில் போட்டு. குழந்தையைத் தூக்கினால் என் மீசையைப் பார்த்து அழுதது. எதையாவது எடுக்கப் போனால், அப்பா நீங்கள் உட்காருங்கள் போதும் என்றாள் மகள். பாசத்தில்தான் சொன்னாள். ஆனால் நாள் பூராவும் நின்றுகொண்டே வேலை பார்த்தவனிடம் உட்கார் உட்கார் என்றால் அவன் எத்தனை நாள் உட்காருவான்?

நான்காம் நாள் காலையில் காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்று ஆரம்பித்து, என்னவோ எல்லாம் பேசிவிட்டேன். எனக்கு மூக்கு மேல் கோபம் வரும் என்பது தெரிந்த விஷயம். கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு, சமையலறை வாசலில் நின்று அவளிடம் சொன்னேன். "எனக்கு இங்க ஒரு வேலையும் இல்ல. வர்றதுன்னா வா, இல்லன்னா இங்கியே இரு." அவள் இருந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம். தினமும் சாயங்காலம் வீடியோ கால் வரும். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்பாள். எப்போது வருகிறாய் என்று நான் கேட்க மாட்டேன். கேட்டால் நான் தோற்ற மாதிரி. வருகிறேன் என்று அவளும் சொல்லமாட்டாள். மற்றதெல்லாம் பேசுவோம்.

தனியாக இருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. அரை டம்ளர் அரிசி வைத்தால் அது ஒரு ஆளுக்கு அதிகம், கால் டம்ளர் வைத்தால் அடிப்பிடிக்கும். பக்கத்து வீட்டில் தறி. அந்தச் சத்தம் ஓடுகிற வரைக்கும் பரவாயில்லை. மத்தியானம் அவர்கள் சாப்பிட எழுந்திருக்கும்போது அது நிற்கும் பாருங்கள், அந்த அரை மணி நேரத்தை என்னால் தாங்க முடியாது. டிவியைச் சத்தமாக வைப்பேன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உட்காருவேன். சேத்துப்பட்டு வண்டி எத்தனை நிமிடம் லேட் என்று பார்த்துவிட்டு, யாரையும் திட்ட முடியாமல் திரும்பி வருவேன்.

என்னைத் தேடி வந்த ஒரே ஆள் அந்தத் தறிக்கார வீட்டம்மா. போன வருடப் பொங்கலுக்கு முந்தின மார்கழியில் ஒரு நாள் காலையில் பூசணிக்காயும் கத்தியுமாக வாசலில் வந்து நின்றாள். வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்துவிட்டார், எழுப்பினால் பேஜார், நீங்கள் ஒரு வெட்டுப் போட்டுக் கொடுங்கள் அண்ணே என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து வெட்டிக்கொடுத்தேன். அன்று மத்தியானம் ஒரு கிண்ணத்தில் குழம்பு வந்தது. அதற்கப்புறம் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை காயோடு வருவாள். எங்கள் தெருவுக்கே நான்தான் பூசணி வெட்டுகிற ஆள் என்று டீக்கடையில் பெருமை அடித்துக்கொண்டேன்.

இந்த வருடம் பொங்கலுக்கு எல்லோரும் வருகிறோம் என்று மகள் கார்த்திகையிலேயே சொல்லிவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வெள்ளை அடித்தேன். மார்கழி பிறந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், சந்தவாசல் வண்டியிலிருந்து இறங்கிய கூடையில் தேடித் தேடி ஒரு பூசணி வாங்கினேன். காம்பு முறியாமல், தோலில் ஒரு கீறல் இல்லாமல். அதைப் பிரிமணை மேல் வைத்துப் பக்கத்தில் கத்தியையும் வைத்தேன். அவள் வந்ததும் வெட்டிக்கொடுப்பேன், அவள் பொரியல் செய்வாள், சாப்பிடுகிற நேரத்தில் மெல்லப் பேச்சை எடுத்து, இங்கேயே இருந்துவிடு என்று கேட்டுவிடலாம் என்று திட்டம். எப்படிக் கேட்பது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தினமும் காலையில் காயைத் திருப்பி வைத்தேன், ஒரே பக்கம் உட்கார்ந்தால் அழுகிவிடும் என்று.

போகிக்கு முதல் நாள் போன் வந்தது. குழந்தைக்கு ஜுரம். வர முடியாது. அடுத்த லீவில் பார்க்கலாம் என்றாள் மகள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அதைத் தவிர வேறென்ன சொல்ல முடியும்? பொங்கல் அன்று தறிக்கார வீட்டிலிருந்து பொங்கல் வந்தது. நான் அடுப்பே மூட்டவில்லை. மாட்டுப் பொங்கல் அன்று தெருவில் மேளம் போனபோது கதவைச் சாத்திக்கொண்டேன்.

தை முடிகிற வரை அந்தக் காய் அங்கேயே இருந்தது. அடுப்பு மேடைக்குப் போகும்போதெல்லாம் கண்ணில் படும். ஒரு நாள் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. காம்பைப் பிடித்து ஒரே இழுப்பில் இரண்டாக வெட்டினேன். வெட்டின பிறகுதான் முழித்தேன். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. முப்பது வருடமும் இந்த இடத்தோடு நான் கை கழுவிக்கொண்டு போய்விடுவேன்.

ஒரு பாதியைத் தட்டு போட்டு மூடி பிரிட்ஜில் வைத்துவிட்டு, மறு பாதியோடு உட்கார்ந்தேன். கரண்டியால் விதையைச் சுரண்டினேன். பூசணி என்றால் தோல் சீவ வேண்டும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. சீவினேன். ஆனால் அந்தக் காய் முழுவதும் வரி வரியாகப் பள்ளம். மேட்டில் கத்தி வைத்தால் தோலோடு பாதிச் சதை வருகிறது, பள்ளத்தில் கத்தி இறங்கவே மாட்டேன் என்கிறது. முக்கால் மணி நேரம் போராடினேன். கட்டை விரலில் ஒரு வெட்டு வேறு. காயில் மிஞ்சியது ஒரு கைப்பிடி. அதைத் தாளித்து, தண்ணீர் ஊற்றி, மூடி வைத்துத் திறந்து பார்த்தால், துண்டு ஒன்றுகூட இல்லை. கஞ்சி மாதிரி மஞ்சளாக ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அவள் கூப்பிட்டபோது வீம்பாகப் பாத்திரத்தைக் கேமராவுக்கு நேராகக் காட்டினேன். நானே சமைத்தேன் என்றேன். குழந்தைக்கு ஊட்டுகிற கஞ்சியா என்று கேட்டாள். பூசணிப் பொரியல் என்றேன். தோலை என்ன செய்தீர்கள் என்றாள். சீவிப் போட்டேன் என்றதும் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகு நாளாயிற்று. அந்தக் காய்க்குத் தோல் சீவவே கூடாதாம். அதன் தோல் கத்திரிக்காய்த் தோல் மாதிரி, வெந்தால் தெரியாது, துண்டைக் கரையாமல் பிடித்து நிறுத்துவதே அதுதானாம். "முப்பது வருஷமா தோலோடதான துன்னீங்க?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடம் வாயில் போட்டு மென்ற பொருளில் தோல் இருந்ததா இல்லையா என்றுகூடத் தெரியாத மனுஷன் நான். அவமானத்தை மறைக்கத்தான் கோபம் இருக்கிறதே. வெட்டுவதற்கு மட்டும் என்னைக் கூப்பிட்டாய், மீதியை எப்போது சொல்லிக்கொடுத்தாய் என்று எகிறினேன். அதோடு விடாமல், அங்கே முழுக் காயை யார் வெட்டுகிறார்கள், மாப்பிள்ளையா என்று குத்தலாகக் கேட்டேன்.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். தான்தான் வெட்டுவதாகச் சொன்னாள். பெண்கள் வெட்டக் கூடாது என்றாயே என்றேன்.

"எங்கம்மா அப்டிதான் சொல்லுச்சு. ஆனா நீங்க நைட் ஆல்ட் போனா மறுநா மத்தியானம்தான் வருவீங்க. காலைல நான் சோறாக்க வாணாமா, அப்பறம் புள்ளைக்கு டப்பா கட்ட வாணாமா? கல்யாணமான மொத வருஷத்துலயிருந்து நாந்தான் வெட்டிகினு இருந்தேன்."

"அப்ப எனக்குன்னு ஒண்ணு எடுத்து வெப்பியே, அது எதுக்கு?"

அவளுக்குப் பின்னால் குழந்தை எதையோ உருட்டுகிற சத்தம் கேட்டது.

"வூட்டுக்கு வந்தா உங்களுக்கும் ஒரு வேல இருக்கட்டுமேன்னுதான்" என்றாள். குழந்தை அழ ஆரம்பித்தது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

பெங்களூரில் சமையலறை வாசலில் நின்று நான் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. எனக்கு ஒரு வேலை வேண்டும் என்று கல்யாணமான முதல் வருடத்திலிருந்து ஒரு பூசணியை எடுத்து வைத்தவளிடம் போய் அதைச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் தறிக்கார வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். வீட்டுக்காரர் அடுத்த அறையில் தறியில் இருக்கும்போது, அவரை விட்டுவிட்டு என்னிடம் எதற்குக் காயைக் கொண்டுவந்தாய்? அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு ஒப்புக்கொண்டாள். அக்காதான் போனில் சொன்னார்களாம், அண்ணன் தனியாக இருக்கிறார், அவருக்கு ஏதாவது வேலை கொடு, பூசணி என்றால் சந்தோஷமாகச் செய்வார் என்று. அவர்கள் வீட்டிலும் அவளேதான் வெட்டுவாளாம்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நான் என்ன விளையாட்டுச் சாமான் கொடுத்து உட்கார வைக்கிற பிள்ளையா? நான்கு நாள் அவள் கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் தட்டைத் திறந்து, காயின் மறு பாதியைப் பார்த்தேன். ஓரம் கொஞ்சம் வற்றியிருந்தது, அதை மட்டும் சீவி எறிந்தேன். தோலோடு பிறை பிறையாக நறுக்கினேன். தண்ணீர் தெளித்தேன், ஊற்றவில்லை. வெல்லம் போடவில்லை. பத்து நிமிடத்தில் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக நின்றது. வாயில் போட்டால் சதை கரைந்து, தோல் ஓரத்தில் மெல்லியதாக ஒரு கடி. அதே பொரியல். நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னேன். வீட்டில் யாரும் இல்லை. சோற்றைப் பிசைந்த கையோடு அழுதேன்.

அன்று சாயங்காலம் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. மகள் வீட்டுச் சமையல் மேடை. அதன் மேல் ஒரு முழுப் பூசணி, பக்கத்தில் கத்தி. அந்த ஊர்ப் பெரிய காய், தோல் கட்டியாக இருக்கும் போல. கூடவே அவள் குரலில் ஒரே ஒரு வரி. "வெட்டாமதான் வெச்சிருக்கேன்."

உடனே கிளம்பினேன் என்று சொன்னால் அது பொய். காம்போடு இருக்கிற பூசணி இரண்டு மாதம் தாங்கும், என்ன அவசரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் அந்த வீம்பில் போனது. மூன்றாம் நாள் காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சந்தவாசல் கூடையில் மிச்சமிருந்த குட்டிப் பூசணி ஒன்றை வாங்கிப் பையில் வைத்தேன். வேலூர் வண்டியில் ஏறினேன். கண்டக்டர் எங்கள் டெப்போ பையன். எங்கேண்ணா, கல்யாணமா என்றான். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். கண்ணமங்கலம் வரைக்கும் அவன் டிக்கெட் போடுகிற லட்சணத்தைக் குறை சொல்லிக்கொண்டே போனேன்.

வேலூரில் பெங்களூர் வண்டி மாறினேன். அது அந்த மாநிலத்து வண்டி, என்னை யாருக்கும் தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட் காலி. கண்டக்டர் வந்து குனிந்து, எத்தனை பேர் என்று கேட்டார். லட்சம் தடவை நான் கேட்ட கேள்வி. ஒன்று என்றேன். கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். திரும்பி வரும்போது எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை. அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று கிருஷ்ணகிரி தாண்டுகிற வரை யோசித்துக்கொண்டே போனேன்.